பழைய படத்தைத் திருத்தலாமோ?

ஓவியன் ஒருவன் தன் இளமையில் எழுதிய படத்தை முதுமையில் எடுத்துத் திருத்தலாமோ, ஆகாதோ? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில், "அவன் கை, அவன் தூரிகை, அவன் தாள், தடுப்பதற்கு நாம் யார்?" என்று நேயர்களிற் பலர் விடை கூறிவிடுவர். நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். சில ஆண்டுகட்கு முன்னர்ச் சுங்கைப்பட்டாணியில் ஓர் அன்பர் இல்லத்தின் முன்கூடத்திற் கழித்த ஒரு பிற்பகல் நம் எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

அவ்வன்பர் ஓர் ஓவியர். உலகம் அறிந்தவர் அல்லர். கெடாவின் கித்தாத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், திருவிழா நாடகங்களுக்குத் திரைச் சீலை தீட்டியும், பிற்காலத்திற் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தும் வயிறு வளர்த்தவர். அப்பொழுது எழுபதைக் கடந்திருந்தார். அன்று அவரைக் காண மூவர் வந்திருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியர். ஒருவர் லாரி ஓட்டியவர். மூன்றாமவர் நாற்பதாண்டு மரம் சீவிய ஓர் அம்மையார். நால்வரும் ஒரே தோட்டத்தில், ஒரே பெரட்டுக் களத்தின் புழுதியில் வளர்ந்தவர்கள். அந்தத் தோட்டம் இன்று கித்தாத் தோட்டமாக இல்லை. செம்பனை நட்டு, அதிலும் ஒரு பகுதியை வீட்டுமனையாக்கி விற்றுவிட்டார்கள். லயங்கள் நின்ற இடத்தைக் காட்ட ஒரு மாமரம் மாத்திரம் உண்டு என்றார் அம்மையார்.

ஓவியர் கட்டிலடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து அவிழ்த்தார். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தாள்கள். தோட்ட ஆபீசில் எறிந்துவிட்ட செக்ரோல் தாளின் பின்புறத்திற் பென்சிலால் வரைந்தவையே அவற்றிற் பெரும்பாலன. கங்காணியின் சைக்கிள்; ஆயாக் கொட்டகையில் தொங்கும் ஏணைகள்; சம்பள நாளன்று கள்ளுக்கடையின் முன் நிற்கும் வரிசை; மழை நாளில் மரத்தடியிற் குப்புறக் கிடக்கும் மங்குகள். மூவரும் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தனர். "இந்தச் சைக்கிளுக்கு மணி கிடையாது, கங்காணி இருமுவதுதான் மணி" என்றார் லாரிக்காரர். நாம் அங்கே அயலாராக அமர்ந்திருந்தோம்.

அதன்பின் மற்றொரு கட்டு வந்தது. 1970இல் ஓவியர் பினாங்கில் ரஜூலாக் கப்பலேறி நாகப்பட்டினம் சென்று, தஞ்சையும் மாமல்லபுரமும் கண்டு வந்த பின்னர் எழுதியவை. இவை வண்ணப் படங்கள், தேர்ந்த கை, நீண்ட கண்கள், வளைந்த இடை, ஒழுகும் கோடு. மாமல்லையின் பாறையிற் கண்ட பசு கறக்கும் காட்சி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது போலும். ஊர் திரும்பியவர் நம் பால்மரக் காட்டையே மாமல்லையாக்கிவிட்டார்! மரம் சீவும் பெண் ஒருத்தி, தோளிற் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளியுமாக, சோழர் காலத்துச் செப்புத் திருமேனி போல் முவ்வளைவாக நிற்கிறாள். உண்மையில் அழகிய படம். அப்பெண் யாரென்று வினவினோம். ஆசிரியரின் தாயார் என்றார்.

பென்சில் தாள்களிலும் அதே தாயார் இருந்தார். பதினேழு வயதுப் பிள்ளை எழுதியது. தலையில் விளக்கு, கையிற் சீவும் கத்தி, முகம் பாதி இருள். வலக்கை மரத்தை நோக்கி நீள வேண்டிய இடத்தில் நீளாமல், கோழிச் சிறகு போல் விலாவோடு ஒட்டிக் கிடந்தது. "இதைத்தான் திருத்தப் போகிறேன்" என்றார் ஓவியர். "எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக்க எண்ணம். இந்தக் கையோடு இது வெளியே போனால் எனக்கு வெட்கம்."

ஆசிரியர், "அதைத் தொடாதே" என்றார். அவர் குரலில் முன்னிருந்த சிரிப்பில்லை. இவ்விருவர் வழக்கையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். அதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம்.

இது கெடாவில் மட்டும் எழும் வழக்கன்று. பிரான்சு தேசத்துப் பேரோவியர் தெகா (1834-1917) தம் படங்களை விற்ற பின்னும் விடமாட்டார். ஹென்றி ரூவார் என்பவர் அவருடைய பள்ளித் தோழர். அவர் படங்களை விரும்பி வாங்கித் தம் வீட்டில் மாட்டி வைத்தவர். தெகா விருந்துக்கு வருந்தோறும் சுவரிலுள்ள தம் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துக் குறை கூறி, ஒரு நாள் திருத்தித் தருவதாக எடுத்துச் சென்று, அதைக் கெடுத்தே விட்டாராம். அது முதல் ரூவார் தம்மிடமிருந்த நடன மங்கையர் படத்தைச் சுவரோடு சங்கிலியாற் பிணைத்துப் பூட்டினார் என்றொரு கதை ஓவிய உலகில் வழங்குகிறது. இதற்கு நேர்மாறான நண்பரும் உண்டு. பொன்னார் (1867-1947) என்னும் ஓவியர், பாரிஸ் நகரத்து லுக்சம்பூர் காட்சிசாலையிலே தொங்கிய தம் படத்தையே திருத்த ஆசை கொண்டு, சட்டைப்பையில் வண்ணமும் தூரிகையுமாகச் சென்றாராம். தோழர் வுயியார் காவற்காரனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் நான்கு தீற்றுத் தீற்றிவிட்டு வந்தாராம். கதைகள் சற்றே வளர்ந்திருக்கலாம். ஆயினும் பூட்டுப் போடும் நண்பர், காவலனை ஏய்க்கும் நண்பர் என இருவகையார் எக்காலத்தும் உளர் என்பதில் ஐயமில்லை. இவ்விருவருள் உண்மை நண்பர் யார்?

விரைந்து விடையிறுத்தல் வேண்டா. மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ரூவோ (1871-1958) என்பவர், தம் படங்களை ஒப்பந்தத்தாற் கைக்கொண்டிருந்த வணிகர் இறந்தபின், முற்றுப்பெறாத படங்கள் தமக்கே உரியன என்று வணிகரின் வாரிசுகள் மேல் வழக்காடி 1947இல் வென்றார். வென்று பெற்றவற்றுள் 315 படங்களை 1948இல் தம் கையாலேயே நெருப்பிலிட்டார். முதுமையில் இனி இவற்றை முடிக்க இயலாது. முடியாததை என் பெயரால் உலவவிடேன் என்பது அவர் கட்சி. இச்செயலை நாம் குறைகூறத் துணியோம். அவர் திருத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய படத்துக்குப் புதிய முகத்தை ஒட்டி, "இதுவே அன்று நான் எழுதியது" என்று அவர் உலகினரிடம் சொன்னாரில்லை. எரிப்பவன் தன் பொருளை அழிக்கிறான். திருத்துகிறவனோ தன் இளமையின் வாயில் தன் முதுமையின் சொல்லை வைத்துப் பேசவிடுகிறான்.

"புலவர் தம் பாட்டைத் திருத்துவதில்லையா?" என்று கேட்கலாம். திருத்துவர், தாராளமாகத் திருத்தட்டும். நூலின் முதற்பதிப்பு எவன் வீட்டு அலமாரியிலேனும் கிடக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. படமோ ஒன்றே ஒன்று. மேலே பூசினால் கீழுள்ளது போயிற்று. ஆதலின் ஓவியனுக்குப் புலவனைவிடப் பொறுப்பு மிகுதி. புதிதாக மற்றொரு தாளில் அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதனை யாரும் தடுக்கவில்லை.

நிற்க. இவ்வழக்கில் யாத்திரை என்னும் மற்றொரு சிக்கல் இருக்கிறது. நம் ஓவியருக்குப் பழைய படத்தின் மேல் வெட்கம் வந்தது வயதினால் மட்டுமன்று; அவர் தஞ்சையும் மாமல்லையும் கண்டு வந்ததனாலும் ஆகும். யாத்திரை ஓவியனுக்குக் கண்ணைத் தருகிறது என்பர். தருகிறது, மெய்தான். இருந்த கண்ணை எடுத்துக்கொண்டு தருகிறதா என்பதே கேள்வி.

இந்நாட்டுச் சுற்றுப்புறத்தில் ஓவியத்தின் பொருட்டு நண்பர்கள் கூடிச் சென்ற யாத்திரைகளுட் புகழ்பெற்றது 1952ஆம் ஆண்டின் பாலித்தீவு யாத்திரை. லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வர், சீன தேசத்திற் பிறந்து ஷாங்காயிற் பயின்று சிங்கப்பூரில் வாழ்ந்தவர்கள், சாவகத்துக்கும் பாலிக்கும் சென்று வாரக்கணக்கில் தங்கி வரைந்தனர். மறு ஆண்டு, 1953இல், நூற்றுக்கு மேற்பட்ட படங்களைச் சிங்கப்பூரிற் கூட்டாகக் காட்சிக்கு வைத்தனர். தென்கடல் ஓவிய மரபு என்று இன்று பேசப்படுவதன் பிறப்பையே பலர் அந்த யாத்திரையோடு சேர்த்துச் சொல்கின்றனர். அப்பொழுது மலாயாவில் அவசரகாலச் சட்டம் (1948-1960) நடந்துகொண்டிருந்தது. நம் தோட்டங்களைச் சுற்றி முள்வேலியும், சோற்றுக்கு அளவும், மாலையானால் வெளியேறத் தடையும். அழகைத் தேடிக் கடல் கடந்ததற்காக அந்நால்வரைக் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. முள்வேலிக்குள் எவனையும் படம் எழுத விட்டிருக்கமாட்டார்கள். எனினும் நம் தந்தையர் வேலிக்குள் நின்ற ஆண்டும், பாலி மங்கையர் சித்திரத்தில் ஏறிய ஆண்டும் ஒன்றே என்பதை நினைவிற் கொள்வதில் தவறில்லை.

அந்நால்வருள் லியூ காங் 1954இல் ஒரு படம் எழுதினார். நண்பர் சென் வென் சி அமர்ந்து ஒரு பாலிப் பெண்ணை வரைந்துகொண்டிருக்கும் காட்சி அது. அப்படம் நம்மை மிகவும் ஈர்க்கிறது. பெண்ணை மட்டும் எழுதிவிட்டு, வரைகிறவனை மறைத்துவிடுவதே வழக்கம். அப்பொழுது அவள் யாரும் பாராமலே அங்ஙனம் நின்றாள் என்று நாம் மயங்குகிறோம். இவரோ, "பாருங்கள், இவளை ஒருவன் உட்கார்ந்து எழுதுகிறான், அவன் என் நண்பன்" என்று ஒளியாமற் கூறிவிட்டார். ஊர் திரும்பி ஈராண்டு கழித்து எழுதியது என்பதையும் நோக்குக. பயணத்தை நண்பனோடு சேர்த்தே அவர் நினைவு வைத்திருந்தது.

சியோங் சூ பியெங் வேறு வகை. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்து, உருவமற்ற ஓவியங்களும் பல செய்து, 1970களில் மீண்டும் பாலியின் பெண்களிடமே வந்தார். நீண்ட கழுத்து, பாதாமி விழி, நூல் போன்ற கை என அவர் வகுத்துக்கொண்ட வடிவம் அனைவரும் விரும்பி வாங்கும் வடிவமாயிற்று. அவருடைய 1978ஆம் ஆண்டுக் கருவாட்டுப் படம் சிங்கப்பூரின் 50 வெள்ளி நோட்டிலே ஏறியதை நேயர் பலர் கையிலேயே கண்டிருப்பர். அவர் இளமைக்கு மீண்டது ஏக்கத்தாலா, சந்தையாலா என்று கேட்பாருண்டு. இரண்டாலும் இருக்கலாம், அதில் இழுக்கென்ன? நாம் கவனிக்க வேண்டுவது அவர் மீண்ட விதம். பழைய பாலிப் படங்களை எடுத்துக் கழுத்தை நீட்டவில்லை. புதிய பெண்களைப் புதிய பட்டிலும் துணியிலும் எழுதினார்.

நால்வருள் சியோங் 1983இலும், சோங் சுவீ 1985இலும், வென் சி 1991இலும் காலமாயினர். லியூ காங் தனித்து நின்றார். 2003இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட தம் படங்களையும் வரைவுகளையும் சிங்கப்பூர் மக்களுக்கென அளித்தார். மறு ஆண்டு தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். அளித்தவற்றுள் அரைகுறை வரைவுகளும் இருந்தன என்பதே நமக்கு முக்கியம். உடன் சென்றவர் மூவரும் இல்லை. "அன்று நடந்தது இப்படி" என்று அவர் எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. பழைய தாளைத் திருத்துவதற்கு அதனினும் வாய்ப்பான காலம் உண்டோ?

கெடாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. குனோங் ஜெராய் மலையடியில் யான் வட்டாரத்தில் 1936இற் பிறந்த இப்ராகிம் ஹுசேன், லண்டனிற் பயின்று, அமெரிக்காவில் தங்கி, 1969இல் நாடு திரும்பினார். மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு அவர் எழுதியது "என் தந்தையும் விண்வெளி வீரரும்" என்னும் படம். உலகமெல்லாம் சுற்றிய மகன், கெடாக் கிராமத்துத் தந்தைக்கு விண்வெளி உடுப்பை மாட்டிவிடவில்லை. தந்தையைத் தந்தையாகவே நிறுத்தி, வீரரைப் பக்கத்திற் கொண்டுவந்தார். தாம் கண்ட புதுமையால் தந்தையை மறைக்காமல், இரண்டையும் ஒருங்கே காட்டி, ஒப்பிடும் வேலையை நமக்கு விட்டார். லங்காவியிலே தம் பெயரால் ஒரு காட்சிசாலையும் நிறுவி, 2009இல் காலமானார்.

நம் சுங்கைப்பட்டாணி ஓவியர் செய்தது இதுவன்று. அவர் தோட்டத்துத் தாய்க்குச் சோழர் காலத்து மேனியை மாட்டிவிட்டார். "இதிலென்ன குற்றம்? உழைக்கும் பெண்ணைத் தெய்வமாக உயர்த்தினார்" என்று கூறுவர் சிலர். நமக்கு இந்த உயர்த்துதலின் மேல் நெடுநாளைய ஐயமுண்டு. பெண்ணைத் தெய்வமென்று பாடுவதும், அவள் கூலியைக் குறைப்பதும் ஒரே நாவினால் ஆகக்கூடிய காரியங்கள். 1930களில் இந்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு நின்றபொழுது பெண்ணுக்கு 40 காசே நின்றது. அந்தப் பத்துக் காசை எந்தத் தேவியின் படமும் மீட்டுக் கொடுத்ததில்லை. உயர்த்தப்பட்டவளுக்கு முதுகு வலிக்காது, பசிக்காது, அவளிடம், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கவும் தோன்றாது.

மேலும், வரையப்பட்டவரின் பங்கு என்று ஒன்று உண்டா என்பதையும் எண்ண வேண்டும். சட்டத்தில் இல்லை. படத்துக்குரியவன் வரைந்தவன். ஆயினும் நம் தோட்ட மக்களுள் பழைய தலைமுறையாருக்குப் புகைப்படம் ஏது? அடையாளச் சீட்டுக்கென்று எடுத்த ஒரு சிறு படத்தைத் தவிர, முகத்தை வைத்துக்கொள்ள வழியின்றி மறைந்த தாய்மார் எத்துணைப் பேர்! அத்தகையாளை வேலைத் தலத்தில், விடியுமுன், ஒரு பிள்ளை பென்சிலாற் பிடித்து வைத்திருந்தால், அந்தத் தாள் பிள்ளையின் பயிற்சித்தாளாக மட்டும் இருக்க முடியாது. அதற்குச் சாட்சியின் தன்மை வந்துவிடுகிறது. சாட்சி அழகாகப் பேசவில்லை என்பதற்காக வாக்குமூலத்தைத் திருத்துவார் உளரோ?

மெர்போக் பக்கம் போயிருப்பவர்கள் புக்கிட் பத்து பகாட் கோயிலைக் கண்டிருப்பர். கடாரம் என்று நம்மவர் பெருமை பேசும் நிலம் அது. சிதைந்து ஓடையோரம் கிடந்த அக்கோயிலின் கற்களை 1959-60இல் திரட்டி, இருந்த இடத்திலேயே மீண்டும் எழுப்பினர். மேலே மரத்தாலாகிய கூரை இருந்திருக்க வேண்டும். தூண் நின்ற கற்களே அதற்குச் சான்று. அக்கூரையை ஊகித்துக் கட்டி முடிக்காமல் திறந்தபடியே விட்டனர். முதன்முறை சென்றபொழுது நமக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இது என்ன, கோயிலா, மேடையா என்று முணுமுணுத்தோம். பின்னர்ச் சென்றபொழுது அந்தக் காலிக் கற்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்தப் பிற்பகலுக்கு மீள்வோம். ஆசிரியர், "தொடாதே" என்றதும் ஓவியருக்கு உறைத்தது. "ஏன் தொடக்கூடாது? உங்கம்மாவைக் கோணலாகக் காட்ட உனக்கு ஆசையா? கை வரையத் தெரியாத வயதில் வரைந்தேன், இப்பொழுது தெரியும்" என்றார்.

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பேசியவர் அந்த அம்மையார். "தம்பி, நீ கைதவறி எழுதவில்லை. அந்த அக்கா கை அப்படித்தான்" என்றார்.

மழையிற் பால் சுமந்து வருகையில் வடிகாற் பலகைமேல் வழுக்கி விழுந்தவர், முழங்கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் போய்விடும் என்று ஊரார் கட்டிய கட்டோடு இருந்துவிட்டார். கட்டுப் பிரித்தபோது கை மடங்கினபடியே நின்றது. அதன்பின் பதினெட்டு ஆண்டு அந்தக் கையோடேயே மரம் சீவினார். கை எட்டாத உயரத்து வெட்டைப் பள்ளிக்குப் போகுமுன் மகன் சீவிக் கொடுப்பான். மகன் என்றால் இந்த ஆசிரியர்தாம். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. வேறு லயத்திலிருந்த ஓவியர் கேட்டதுமில்லை. பதினேழு வயதிற் கண் கண்டதைக் கை எழுதிவிட்டது. அறிவுக்கு அது எட்டவில்லை. தஞ்சைக்குப் போய் வந்த பிறகு அந்தக் கோணல் தம் பிழையென்று தோன்றி, வண்ணப் படத்திலே கையை நேராக்கிவிட்டார்.

ஓவியர் அந்தப் பென்சில் தாளைச் சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் நின்றார். பிறகு வண்ணப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும், பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றார்.

"ஒரு வாரம் உனக்கு அதிகம். அதற்குள் கை நீண்டுவிடும்" என்றார் ஆசிரியர். சொல்லிவிட்டுத் தாளை வாங்கி, இரண்டு அட்டைகளுக்கிடையில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். லாரிக்காரர் முடிச்சை இறுக்கிக் கொடுத்தார். வாசலிலே நின்ற மோட்டார் சைக்கிளின் கூடையில் அதைச் செருகி, மழை வரும் போலிருக்கிறதே என்று வானத்தைப் பார்த்துவிட்டு, தம் மேற்சட்டையைக் கழற்றி அதன்மேற் போர்த்திக்கொண்டு புறப்பட்டார்.